பல்வலியும் நோய்தான்

காய்ச்சல் என்று ஒருவர் பெரட்டுக் களத்தில் சொன்னால் மண்டோர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காலில் கத்தி பட்டுவிட்டது என்றால் கட்டுப் போட ஆள் ஓடும். பல் வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. 'பல்லுதானே! கிராம்பைக் கடிச்சிக்கிட்டு நிரைக்குப் போ' என்பதே நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் வைத்தியம். வலிக்கிறவரும் அவமானப்பட்டுக் கொண்டு தலைவிளக்கை மாட்டிக் கொண்டு போய்விடுகிறார்.

இதைப் பற்றி எழுத முன்வரும் நாம் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நாம் செக்ரோல் எழுதிக் கொண்டிருந்த காலம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவர், நீரிழிவு உள்ளவர். கீழ்க்கடைவாய்ப் பல்லில் மூன்று நாளாக வலி என்று சொல்லி, டவுனுக்குப் போய்ப் பல் வைத்தியரிடம் காட்டி, ஒரு நாள் விடுப்புச் சீட்டும் வாங்கிக் கொண்டு வந்து நம் மேசை மேல் வைத்தார். "ஐயா, நேத்து வர முடியலீங்க. பேரு போட்டுடுங்க" என்றார். நாம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லுக்கெல்லாம் எம்.சி.யாம்மா? இது டாக்டர் சீட்டு இல்லையே" என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். மேலே உள்ளவர்கள் நமக்குச் சொல்லி வைத்த வழக்கம் அதுதான். அதைச் சரியா என்று பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

பல்லைப் பிடுங்க மறுநாள் வரச் சொல்லியிருந்தாராம் வைத்தியர். இன்னொரு நாள் சம்பளம் போகுமே என்று அந்த அம்மையார் போகவில்லை. கொடுத்த மாத்திரையை விழுங்கிக் கொண்டு நிரைக்குப் போனார். இரண்டு நாளில் வலி நின்றது. 'பாத்தீங்களா, தானா போச்சி' என்று நம்மிடமே சிரித்துக் கொண்டு சொன்னார். அடுத்த வாரம் கன்னம் வீங்கியது. அதற்கடுத்த நாள் வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கியது. வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. இராத்திரி பதினொரு மணிக்குத் தோட்டத்து லோரியில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக் கொண்டார். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

நாம் அன்றிரவுதான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு நோய் விடுப்பைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள், சம்பளத்தோடு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். இவ்வளவும் நம்மில் பலருக்குத் தெரியும். அதே பிரிவில், பதிவு பெற்ற பல் வைத்தியர் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் சீட்டுக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு என்று தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. இது மேற்சொன்ன நாள்களுக்குள் அடங்கியதே தவிர அதற்கு மேல் சேர்வதல்ல. ஆனால் உரிமை உரிமைதான். பல் வைத்தியரின் சீட்டை 'டாக்டர் சீட்டு இல்லை' என்று திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் ஓர் எழுத்தும் இடம் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியான நாமே இதைப் பாராமல் இருந்தோம் என்றால், விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறவர்களை என்ன குறை சொல்வது?

அந்த ஒரு நாள் சம்பளத்தை அடுத்த மாதம் வாங்கிக் கொடுத்தோம். அது பெரிய சாதனையல்ல.

கிள்ளான் வட்டாரத்துக்கு இது புதிய வழக்கும் அல்ல. 1941ஆம் ஆண்டில் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைக் கூலி உயர்வு என்ற ஒன்றோடு மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். முறையான வைத்திய வசதி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அன்று கேட்டதில் பல இன்று சட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியதை எடுத்துக் காட்டிக் கேட்கிற ஆள் இல்லாத இடத்தில் சட்டம் அலமாரியில்தான் கிடக்கும்.

சீட்டு விஷயத்தில் தொழிலாளர் தரப்பிலும் கவனம் வேண்டும். கிளினிக்கில் இரண்டு வகைக் காகிதம் கொடுப்பார்கள். இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிக் கொடுப்பது நேரச்சீட்டு. அது விடுப்பு ஆகாது. இன்ன நாள் வேலை செய்யத் தக்க நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுப்பதே எம்.சி. எதைக் கொடுப்பது என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். ஆனால் நம் வேலை இன்னதென்று அவரிடம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? 'வேலைக்குப் போகலாமா?' என்று கேட்டால் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சொல்லும் பதிலையே சொல்லிவிடுவார். வாளி தூக்கி மேடு ஏறுகிறோம் என்று சொல்லுங்கள். மற்றொன்று: விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தகவல் தெரிவித்துவிட வேண்டும். தவறினால் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகும். மண்டோரிடம் வாயால் சொன்னது போதும் என்று இருந்துவிடாமல், கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். நாளும் மணியும் அதிலேயே பதிந்திருக்கும். அன்றாடக் கூலிக்கும் எடைக்கும் வேலை செய்கிறவர்களின் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்ற தகராறும் வருவதுண்டு. முந்திய சம்பள காலத்தில் வாங்கிய கூலியை, அக்காலத்தில் உண்மையாக வேலை செய்த நாள்களால் வகுத்து வருவதே கணக்கு. ஓய்வு நாள், விடுமுறை நாள் வேலையும் அதற்கான கூலியும் இதில் சேரா.

இனி வலியைப் பற்றி.

பல்லில் புழு விழுந்துவிட்டது என்று நம் முதியவர்கள் சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகையை வாயில் வாங்கினால் புழு உதிரும் என்று ஊரிலிருந்து கொண்டு வந்த வைத்தியமும் லயங்களில் இருந்தது. பல்லில் புழு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேலோட்டைக் கரைக்கிறது. விடியற்காலையில் டின் பால் கலந்த தேநீரைக் குடித்துவிட்டு, மீதியைப் போத்தலில் ஊற்றிக் கொண்டு போய் மணிக்கொரு தடவை ஒரு மிடறு குடிக்கிறோமே, அது பல்லைப் பகல் முழுவதும் புளிப்பில் ஊற வைப்பதுதான். வெட்டிய கித்தாப் பட்டை மறுபடி வளரும். பல்லின் மேலோடு குழி விழுந்தால் வளர்வதில்லை. குழி ஆழமாகி, நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கிற நடுக்கூழைத் தொடும்போது வலி பிறக்கிறது. உடம்பில் வேறு எங்கு அடிபட்டாலும் சதை வீங்க இடமுண்டு. பல்லுக்குள்ளோ நாற்புறமும் எலும்பு போன்ற சுவர். அதனால்தான் மிளகளவு இடத்தில் அத்தனை வேதனை. படுத்தால் தலைக்கு இரத்தம் ஏறுவதால் இராத்திரியில் இன்னும் அதிகம்.

வலி தானாக நின்றுவிட்டால் மகிழ வேண்டாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பல பேருடைய விஷயத்தில் அது நரம்பு செத்துப்போனதன் அடையாளம். கிருமி சாகவில்லை, வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. அந்த அம்மையார் சிரித்துக் கொண்டு வேலைக்குப் போன அந்த ஒரு வாரத்தில் நடந்தது இதுதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

நடு இராத்திரியில் வலி தொடங்கினால் விடியும் வரை என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். பல்லிடுக்கில் இறைச்சி நாரோ வேறு எதுவோ சிக்கியிருந்தால் நூலால் மெதுவாக எடுங்கள்; ஊசி, ஊக்கு வேண்டாம். கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சிறிது நேரம் வைத்து எடுங்கள். தலையணையை உயர்த்திக் கொள்ளுங்கள். பெரியவர்கள் 500 மில்லிகிராம் பேனடால் இரண்டு போடலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. சம்சுவைக் குடித்துவிட்டு அதன் மேல் மாத்திரையை விழுங்குவது ஈரலைக் கெடுக்கும். வேறு வலி மாத்திரைகளில் இபுபுரோஃபேன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இழுப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருமே தொடக் கூடாது. டெங்கி ஓயாத சிலாங்கூரில், பல்வலிக் காய்ச்சலா கொசுக் காய்ச்சலா என்று நாமே முடிவு கட்ட முடியாது. டெங்கியாக இருந்தால் அந்த மாத்திரையும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

கிராம்புக்கும் நியாயம் செய்துவிடுவோம். அது வெறும் பாட்டி வைத்தியமல்ல. கிராம்பு எண்ணெயில் மரத்துப் போகச் செய்யும் சத்து உண்மையாகவே இருக்கிறது. பஞ்சில் ஒரு பொட்டு தொட்டுக் குழியில் வைத்தால் சற்றுத் தணியும். சீசாவைக் கவிழ்த்தால் ஈறு வெந்துவிடும். குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம். எருக்கம்பால், மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, நுணுக்கிய ஆஸ்பிரின் மாத்திரை, இவை எல்லாம் ஈறைப் பொசுக்குமே தவிரப் பல்லுக்குள் போகா. வீட்டில் யாரோ மிச்சம் வைத்த கிருமிக்கொல்லி மாத்திரையில் இரண்டை விழுங்குவதும் பயனற்றது. குழியை அடைக்காமல், அல்லது பல்லை எடுக்காமல் மாத்திரை மட்டும் நோயைத் தீர்க்காது.

விடியும் வரை காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. வீக்கம் கண்ணுக்கு ஏறினாலும் கழுத்துக்கு இறங்கினாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலும், மூச்சுத் திணறினாலும், உடல் நடுங்கிக் காய்ச்சல் வந்தாலும், அது பல் கிளினிக்குக்குப் போகிற வேளையல்ல. 999ஐ அழைத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகிற வேளை. கீழ்த்தாடையில் வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது பல்லாகவே இல்லாமல் நெஞ்சுவலியாக இருக்கலாம். அப்போதும் 999தான்.

அடுத்து, உடைந்த பல். விடியலில் ஈரச் சரிவில் கால் வழுக்கி விழுந்தவர்கள், காண்டாக் கம்பு எகிறி வாயில் அடித்தவர்கள் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பல்லின் துண்டு கிடைத்தால் எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டு போங்கள். ஒட்ட வைக்க முடிந்தாலும் முடியும். கூரான முனை நாக்கைக் கிழித்தால் மெழுகையோ சர்க்கரையில்லாத சூயிங்கத்தையோ அதன் மேல் அழுத்தி வைக்கலாம். வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. திறந்த வழியாகக் கிருமி உள்ளே போகும்.

பல் முழுதும் வேரோடு விழுந்துவிட்டால்தான் நேரம் பொன்னாகிறது. நிலைப்பல்லாக இருந்தால், வெள்ளைத் தலைப் பக்கத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குளிர்ந்த தண்ணீரிலோ ஒரு சில விநாடி அலசி, வந்த குழியிலேயே திருப்பிச் செருகி, சுத்தமான துணியைக் கடித்துக் கொண்டு ஓட வேண்டும். செருகப் பயமாக இருந்தால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டு போகலாம். கடைப் பெட்டிப் பால் ஆகும். தேநீருக்கு ஊற்றும் டின் பால் ஆகாது. பால் கிடைக்காத வெளிக்காட்டில் ஒரு சிறு டப்பாவில் எச்சிலைத் துப்பி அதில் போட வேண்டும். தண்ணீரில் ஊற வைத்தால் வேரின் உயிர் போய்விடும். அரை மணி நேரத்துக்குள் வைத்தியர் கையில் சேர்ந்தால் பிழைக்கும் நம்பிக்கை அதிகம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வெகுவாகக் குறையும். சிறு பிள்ளைகளின் பால்பல் விழுந்தால் திருப்பிச் செருக வேண்டாம். அடியில் இருக்கும் புதுப்பல் கெடும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேலையில் உடைந்த பல்லுக்குச் சொக்சோ உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையையும் காலையும் மட்டும் காப்பதல்ல. வேலையிடத்தில் நேர்ந்த காயம், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்ந்த காயம் எல்லாம் அதில் அடங்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விபத்து நாள் உட்பட நான்கு நாளோ அதற்கு மேலோ வைத்தியர் விடுப்பு கொடுத்தால் சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு சொக்சோ கொடுக்கும். நம்மோடு நிரையில் நிற்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியச் சகோதரர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். 'பல்லுதானே' என்று விபத்துப் புத்தகத்தில் எழுதாமல் விடுகிற கிராணிமார்கள், பின்னால் அந்தப் பல் சீழ் பிடித்தால் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நிற்கப் போவது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது? அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி; செய்கிற சிகிச்சைக்கு ஏற்பச் சிறு தொகை சேரும். வெளிநாட்டவருக்குக் கூடுதல். காலையிலேயே போய்க் கவுண்டரில் 'சாக்கிட் கிகி' என்று, வலி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சும்மா சோதித்துக் கொள்ள வந்தவர் என்று நினைத்தால் பல மாதம் தள்ளி நாள் கொடுத்துவிடுவார்கள். கிள்ளான், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் தாடை, வாய் அறுவைக்குத் தனிப்பிரிவுகள் உள்ளன. பல்லைக் காப்பாற்ற வேர்ச் சிகிச்சை வேண்டும் என்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக் கடைகளில் உள்ள தனியார் கிளினிக்குகளில் பல நூறு வெள்ளி ஆகும். பக்கத்திலேயே லெம்பா பந்தாயில், 1972 முதல் நடந்து வரும் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்தில், பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பல் மிஞ்சும். பணமில்லை என்று எல்லாப் பல்லையும் பிடுங்கிக் கொள்வது நம்மவரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. நாற்பது வயதில் கடைவாய் இல்லாமல், கஞ்சியும் ரொட்டியுமாகக் காலந்தள்ளுகிறவர்களை நாம் லயத்துக்கு லயம் பார்க்கிறோம்.

மலிவு என்று எங்கும் போய்விடவும் கூடாது. ஒப்பனைக் கடையிலும் வாடகை அறையிலும் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2017இல் மலாக்காவில், படிப்பும் பதிவும் இல்லாமல் இத்தொழில் செய்த ஓர் இளம்பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிலையச் சட்டத்தில் தண்டனை 300,000 வெள்ளி வரையும் ஆறாண்டுச் சிறை வரையும் போகும். பதிவு பெற்ற வைத்தியரின் தொழில் சான்றிதழ் கிளினிக்கிலேயே இருக்கும். கேட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். பதிவில்லாதவர் எழுதிக் கொடுக்கும் எம்.சி.யும் செல்லாது.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற பன்னிரண்டு மாதங்களில் பல் வைத்தியரின் சீட்டை அலுவலகம் ஏற்க மறுத்த சம்பவம் உங்கள் தோட்டத்தில் நடந்திருந்தால், தொழிலாளியின் பெயர், செக்ரோல் எண், சீட்டின் தேதி, எந்த நாளின் பேர் வெட்டப்பட்டது, அந்த மாதச் சம்பளச் சீட்டின் நகல் ஆகியவற்றை அடுத்த சம்பள நாளுக்குள் அனுப்பி வையுங்கள். பல் வைத்தியரின் அசல் சீட்டைத் தொழிலாளியிடமே விட்டு வையுங்கள். நமக்கு நகல் போதும்.